ரோபோ கிளீனர் வட்டமடிக்கிறதா? மோட்டாரை மாற்றும் முன் கியரைப் பாருங்கள்

நீச்சல் குளத்தின் அடியில் ரோபோ கிளீனர் செக்குமாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அல்லது சுவர் வரைக்கும் போகும், ஒரு அடி ஏறும், சறுக்கி இறங்கிவிடும். பார்த்தவுடன் பக்கத்தில் நிற்பவர் சொல்லும் முதல் வார்த்தை, “மோட்டார் போயிடுச்சு”. அந்த மெஷினிலேயே விலை கூடிய உறுப்பு மோட்டார் பெட்டிதான். அதை வாங்கிப் போட்ட பிறகும் அதே வட்டத்தைச் சுற்றினால், செலவு செய்தவருக்கு வயிறு எரியும். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிக் குளங்களிலும் அடுக்குமாடிக் குளங்களிலும் நான் பிரித்துப் பார்த்த மெஷின்களில், மோட்டார் நன்றாக இருந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தது எத்தனையோ முறை. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூ டிரைவரும், கலர் டேப்பும், கொஞ்சம் பொறுமையும் போதும். இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

தண்ணீர் புகாமல் அடைத்த ஒரு பெட்டி நடுவில் இருக்கும். அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது: தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளும் பம்ப் மோட்டார் ஒன்று, மெஷினை நகர்த்தும் டிரைவ் மோட்டார் இன்னொன்று. கரையில் இருக்கும் பவர் சப்ளை பெட்டி 230 வோல்ட்டை ஏறக்குறைய 24 முதல் 30 வோல்ட் டிசியாகக் குறைத்துக் கேபிள் வழியாக அனுப்புகிறது. டிரைவ் மோட்டாரின் தண்டு பெட்டிக்கு வெளியே நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம், அதைப் பினியன் என்போம்.

அங்கிருந்து சக்கரத்துக்குச் சக்தி போகும் வழி இரண்டு வகை. டால்பின் பிராண்ட் மாதிரி, டாங்கி போல ரப்பர் பட்டை (டிராக்) சுற்றி ஓடும் மெஷின்களில், உள்பக்கம் பல் வைத்த ரப்பர் டிராக்கைப் பினியனோ பல் வைத்த புல்லியோ இழுக்கும். போலாரிஸ் 9000 வரிசை மாதிரி சக்கரம் வைத்த மெஷின்களில் சக்கரத்தின் உள்விளிம்பைச் சுற்றிப் பல் வெட்டியிருக்கும். இடையில் உள்ள சின்ன கியர் அந்தப் பற்களைப் பிடித்துச் சுழற்றும். பிரஷும் பெரும்பாலும் இதே வழியில் வரும் சக்தியில்தான் சுற்றுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் மாடலில் டிரைவ் மோட்டார் ஒன்றா, பக்கத்துக்கு ஒன்றா? ஒரே மோட்டார் இரண்டு பக்கமும் ஓட்டும் மெஷினில் ஒரு பக்கம் மட்டும் நின்றுபோனால், மோட்டார் மேல் பழி போட வழியே இல்லை. மற்ற பக்கத்தை அதே மோட்டார்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக்கு ஒரு மோட்டார் என்றால் இந்தச் சுருக்குவழி கிடையாது, முழு வரிசையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

ரோபோ தண்ணீரில் ஓடும்போது யாரும் குளத்தில் இருக்கக் கூடாது. குழந்தைகள் காலை நனைத்துக்கொண்டு உட்காருவதும் கூடாது. பவர் சப்ளை பெட்டி கரையிலிருந்து குறைந்தது மூன்றரை மீட்டர் தள்ளி, நிழலில், ஈரம் படாத இடத்தில் இருக்க வேண்டும். அது சொருகும் பிளக் பாயிண்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். பழைய கட்டடங்களில் இது இல்லாமலே பம்ப் அறை ஓடிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் கியரை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெஷினைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கி விடுங்கள். கேபிளைப் பிடித்துத் தூக்காதீர்கள். கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கைப்பிடியில் தூக்கி, தண்ணீர் வடியும் வரை கரையோரம் சாய்த்து வையுங்கள்.

தண்ணீரில் ஓடவிட்டுப் பாருங்கள்

இந்தப் படியை எல்லோரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், ஏனென்றால் கியர் கோளாறு சுமை ஏறும்போதுதான் முகம் காட்டும்.

இடது சக்கரத்தில் ஒன்றும் வலது சக்கரத்தில் ஒன்றுமாக, மேலிருந்து தெரியும்படி சிவப்பு அல்லது மஞ்சள் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். டிராக் வகையில் டிராக்கின் வெளிப்பக்கத்தில் ஒரு துண்டு. ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒட்டினால் அரைமணி நேரம் தாங்கும். மெஷினை விட்டுக் கால்மணி நேரம் கரையில் நின்று கவனியுங்கள். நேராக ஓடும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு இடது பக்கம் எத்தனை சுற்று, வலது பக்கம் எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் வேண்டுமென்றே திரும்பும் சில விநாடிகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். அந்த நேரம் இரண்டு பக்கமும் வேறுவேறாகச் சுற்றுவது இயல்பு.

அப்புறம் சுவரேறும்போது பாருங்கள். மெஷின் ஏறாமல் நிற்கிறது, ஆனால் டேப் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் சக்கரம் வரை சக்தி வந்துவிட்டது, பிடிமானம்தான் இல்லை. பிரஷ் வழுவழுப்பாகியிருக்கும், சுவரில் பாசி இருக்கும், அல்லது ஃபில்டர் அடைத்து மெஷினைச் சுவரோடு அழுத்தும் நீரோட்டம் குறைந்திருக்கும். நம் ஊர்க் குளங்களில் பெரும்பாலும் கண்ணாடி மொசைக் டைல்தான். அதில் வெறும் பிவிசி பிரஷ் சறுக்கும், ஸ்பாஞ்ச் பிரஷ் கேட்கும். மாறாக, டேப் நின்று நின்று துள்ளுகிறது, ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் மட்டும் சுற்றுகிறது என்றால், சக்தி வரும் வழியில்தான் கோளாறு. அப்போதுதான் கியர் மேல் சந்தேகம் வர வேண்டும்.

காதையும் கொடுங்கள். மெஷின் சுவரேறி நீர்மட்டத்துக்கு வரும்போது சத்தம் நன்றாகக் கேட்கும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை, கடிகாரம் மாதிரி சரியான இடைவெளியில் ‘டக்’ என்றால் அந்தச் சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கலாம் அல்லது பல்லிடுக்கில் ஒரு கல் சிக்கியிருக்கலாம். தரையில் ஓடும்போது அமைதி, சுவரேறும்போது மட்டும் ‘டரடர’ என்று தொடர்ச்சியாகக் கேட்டால் பல்வரிசை முழுவதும் தேய்ந்து ஒன்றின்மேல் ஒன்று தாவுகிறது. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி உறுமல் என்றால் பேரிங்.

வெளியில் உள்ள காரணங்களைக் கழித்துவிடுங்கள்

கேபிள் முறுக்கிக்கொண்டாலே மெஷின் வட்டமடிக்கும். அதை முழு நீளத்துக்கும் வெயிலில் நீட்டிப் போட்டு ஒரு பகல் விட்டால் முறுக்கு தளரும். ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவுங்கள். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் தலைமுடி, ரப்பர் பேண்ட், நீச்சல் உடையின் நூல் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அடுக்குமாடிக் குளங்களில் முடிதான் பெரிய எதிரி. அச்சில் இறுக்கமாகச் சுற்றிய முடி சக்கரத்தை ஒரு பக்கமாகத் தள்ளி, நாளாக நாளாகப் பல்லையும் தின்றுவிடும். ட்வீசரால் எடுத்துவிடுங்கள், பிளேடு போட வேண்டாம், ரப்பர் வெட்டுப்படும்.

இதெல்லாம் செய்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். பல மெஷின்கள் இங்கேயே குணமாகிவிடும்.

கையால் ஆட்டிப் பாருங்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகு மெஷினை ஒரு துணி மேல் கவிழ்த்து வையுங்கள். சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கியர் பிடிக்கும் வரை சும்மா நகரும் தூரம்தான் ‘ஆட்டம்’. எந்த மெஷினிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எவ்வளவு இருந்தால் தவறு என்று கேட்பீர்கள். அதற்கு அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது: இடது பக்கத்தை வலது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். மார்க்கரால் சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேராக உடம்பில் ஒரு கோடு போட்டு, கோடு எவ்வளவு விலகுகிறது என்று ஸ்கேலால் அளந்தால் கண் ஏமாறாது. ஒரு பக்கம் இரண்டு மடங்கு விலகினால் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம்.

முழுச் சுற்று சுற்றிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். மோட்டாருக்குள்ளேயே வேகத்தைக் குறைக்கும் கியர் தொகுதி இருக்கிறது. வெளியிலிருந்து பலவந்தமாகச் சுற்றினால் நல்ல பல்லும் போகும்.

அடுத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து வெளியே இழுத்து, உள்ளே தள்ளிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் புஷ் (அச்சைத் தாங்கும் சின்ன வளையம்) அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பத்து விநாடி சோதனை

மெஷினைத் தண்ணீருக்கு வெளியே ஓட்டுவது நல்லதல்ல. சீல் காய்ந்து சூடேறும். அதனால் பத்து விநாடிக்கு மேல் போகக் கூடாது. சில மாடல்கள் தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் தாமே நின்றுவிடும், அவற்றை வற்புறுத்தாதீர்கள்.

கரையிலிருந்து தள்ளி, ஒரு ரப்பர் பாயில் மெஷினை வைத்து, முன்பக்கம் ஒரு சுவரில் முட்டும்படி நிறுத்துங்கள். கை விரல்களைச் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோகாமல் பவரைப் போடுங்கள். ஆரோக்கியமான மெஷின் சுவரை முட்டித் தள்ளும், சக்கரம் பாயில் வழுக்கிச் சுற்றும். தேய்ந்த பக்கத்தில் சக்கரம் நின்று, உள்ளே டிக் டிக் என்று பல் தாவும். அந்தரத்தில் தூக்கி வைத்து ஓட்டினால் இரண்டு பக்கமும் அழகாகத்தான் சுற்றும். அதை நம்பி “எல்லாம் சரியா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்த மெஷின் மறுநாளே திரும்பி வரும்.

பக்கத் தட்டைத் திறப்பது

ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு போட்டோ எடுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் ஒரு தட்டில் வையுங்கள், நீளம் வேறுவேறாக இருக்கும். டிரில் மெஷின் வேண்டாம், கை ஸ்க்ரூ டிரைவர் மட்டும். இந்த உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். திருப்பிப் போடும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். ‘டக்’ என்று பழைய மரைக்குள் விழுவது கையில் தெரியும். அதற்கப்புறம் இறுக்குங்கள். புது மரை வெட்டிக்கொண்டு போனால் இரண்டு மூன்று முறையில் ஓட்டையே வீணாகிவிடும்.

மோட்டார் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். ஒரு முறை திறந்த சீலை வீட்டில் வைத்துப் பழையபடி அடைக்க முடியாது.

பழைய டூத் பிரஷும் வெறும் தண்ணீரும் கொண்டு கியரைக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. கழுவாமல் தேய்மானம் பார்க்கவே முடியாது. போர்வெல் தண்ணீர் ஊற்றும் குளங்களில் பல்லிடுக்கில் வெள்ளையாகக் கல் மாதிரி உப்பு படிந்திருக்கும், அதைத் தேய்மானம் என்று நினைத்துவிடக் கூடாது. கியரைத் தனியாகக் கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும். குளத்துக்கு ஊற்றும் ஆசிட்டைத் தொடாதீர்கள். இந்தக் கியர்கள் பெரும்பாலும் அசிட்டால் அல்லது நைலான் என்ற பிளாஸ்டிக், இரண்டையும் கடும் அமிலம் அரித்துவிடும்.

பல்லைப் படிப்பது

இப்போதுதான் உண்மையான நோயறிதல். ஒரு கியர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பது, ஏன் தேய்ந்தது என்பதையும் சொல்லிவிடும்.

புதுப் பல்லின் உச்சி தட்டையாக இருக்கும். தேயத் தேய உச்சி மெலிந்து, சுறாவின் துடுப்பு மாதிரி கூராகி ஒரு பக்கம் சாயும். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நகத்தால் பாருங்கள். ஒரு கியரின் பல் பெரும்பாலும் அதன் ஜோடிப் பல்லைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். ஜோடி தொடாத ஓரப்பகுதி தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கும். அந்த ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகத்தை இழுங்கள். படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டால், அந்தப் படியின் ஆழம்தான் தேய்மானத்தின் ஆழம். புதுக் கியர் கையில் இல்லாமலே அளவு தெரிந்துவிடுகிறது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய லேத் பட்டறைக்காரரிடம். அவர் கியரைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

எல்லாப் பல்லும் ஒரே மாதிரி, அகலம் முழுக்கச் சமமாகத் தேய்ந்திருந்தால் மணல் காரணம், அல்லது மெஷினுக்கு வயதாகிவிட்டது. கடற்கரை ஓரக் குளங்களில் காலோடு வரும் மணல் பல்லிடுக்கில் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

பல்லின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, மறு ஓரம் புதுசு மாதிரி இருந்தால் சக்கரம் சாய்ந்து ஓடியிருக்கிறது. முன்னே சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி எழுதி வைத்தீர்களே, அதை இப்போது எடுங்கள். புஷ்தான் குற்றவாளி. ஒரு விடுதியில் நான் ஒரே கியரை இரண்டு முறை மாற்றினேன், சில மாதத்தில் மறுபடி தேய்ந்தது. மூன்றாவது முறைதான் அச்சைத் துடைத்துப் பார்த்தேன், புஷ் முட்டை வடிவமாகியிருந்தது. சிறிய புஷ்ஷை மாற்றியதும் பிரச்சினை நின்றது. முதல் நாளே அதைப் பார்த்திருந்தால் அந்த விடுதிக்காரருக்கு இரண்டு கியர் மிச்சமாகியிருக்கும்.

ஒன்று இரண்டு பல் அடியோடு முறிந்து மற்றவை நன்றாக இருந்தால், அது திடீர் அடி. அடிவடிகால் மூடியில் மாட்டி முறுக்கிக்கொண்டிருக்கும், கல் சிக்கியிருக்கும், அல்லது ஓடும்போது யாரோ கேபிளைப் பிடித்து இழுத்திருப்பார்கள்.

பல் தேயாமல் வெளுத்து, சுண்ணாம்பு மாதிரி பொடி உதிர்ந்து, நுண்ணிய விரிசல் தெரிந்தால் குளோரின் தின்றிருக்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் பாலிபியூட்டிலீன் குடிநீர்க் குழாய்களில் போட்ட அசிட்டால் இணைப்புகள் குளோரின் கலந்த தண்ணீரில் விரிசல்விட்டு வீடுகளை நனைத்தன. அது பெரிய வழக்காகி 1995ல் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது. குடிநீரில் இருக்கும் குளோரினுக்கே அந்தக் கதி என்றால், நம் குளங்களில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிய இரவில் உள்ளேயே கிடக்கும் ரோபோவை நினைத்துப் பாருங்கள்.

டிராக் வகையில் ரப்பரின் உள்பற்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பல் உருண்டையாகியிருக்கிறதா, அடியில் கீறல் உண்டா? இரண்டு டிராக்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால், எது நீண்டிருக்கிறது என்று தெரியும். நீண்ட டிராக் நல்ல கியரிலும் தாவும், அந்தச் சத்தம் தேய்ந்த கியரின் சத்தம் போலவே இருக்கும்.

கடைசியாகப் பினியன். மோட்டார் தண்டு ஒரு பக்கம் தட்டையாக, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் வெட்டப்பட்டிருக்கும். பினியனின் ஓட்டையும் அதே வடிவம். அந்த ஓட்டை தேய்ந்து வட்டமாகிவிட்டால், பல்லெல்லாம் புதிதாக இருந்தும் தண்டு மட்டும் உள்ளே சும்மா சுற்றும். தண்டின் முகப்பிலிருந்து பினியன் வரை மார்க்கரால் ஒரே கோடாக இழுங்கள். விரலை விலக்கிக்கொண்டு இரண்டு விநாடி பவர் கொடுத்து, மறுபடி பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். கோடு இரண்டாக உடைந்திருந்தால் பினியன் மட்டும் மாற்றினால் போதும். தண்டே சுற்றவில்லை என்றால் அப்போது சொல்லலாம், மோட்டார் என்று. ஈஎல்சிபி விழுவது, பெட்டிக்குள் தண்ணீர் ஆடும் சத்தம் இவையும் மோட்டார் பெட்டியின் கதைதான், கியரோடு சம்பந்தமில்லை.

மாற்றும்போது

தேய்ந்த கியரும் அதோடு உரசும் ஜோடியும் சேர்ந்தே மாற வேண்டும். பழைய பல் புதுப் பல்லைத் தன் வடிவத்துக்கு அரைத்துக்கொள்ளும். டிராக் என்றால் இரண்டு பக்கமும். புஷ் விலை குறைவு, அதையும் போட்டுவிடுங்கள். வாங்கும்போது மாடல் எண்ணோடு பல் எண்ணிக்கையையும் எண்ணிச் சொல்லுங்கள், ஒரே பெயரில் வெளிவந்த மாடல்களிலும் கியர் மாறியிருக்கலாம்.

சாதாரண வண்டி கிரீஸ் தடவாதீர்கள். சில ரப்பர் சீல்கள் ஊதிவிடும், மணலும் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கியர்களுக்குக் குளத்துத் தண்ணீரே போதுமானது. கையேட்டில் கேட்டிருந்தால் மட்டும் சிலிக்கான் கிரீஸ்.

பல டால்பின் மாடல்களின் கையேடு குளோரின் 4 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது, பிஎச் 7.0 முதல் 7.8 வரை, தண்ணீர் 6 முதல் 34 டிகிரி வரை என்கிறது. மே மாதத்து மொட்டைமாடிக் குளம் 34ஐத் தொட்டுவிடலாம், அப்போது விடியற்காலையில் ஓட்டுங்கள். அதிகக் குளோரின் போட்ட இரவில் ரோபோ வெளியில் இருக்கட்டும், டெஸ்ட் கிட்டில் அளவு இறங்கிய பிறகு விடுங்கள். வேலை முடிந்ததும் வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் டிராலியில் வையுங்கள்.

புதுக் கியர் போட்ட அன்றே டேப்பை மறுபடி ஒட்டி, இரண்டு பக்கச் சுற்றுகளையும் எண்ணித் தேதியோடு பம்ப் அறை நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை அதே எண்ணிக்கையை எடுத்தால், அடுத்த முறை வட்டமடிக்க ஆரம்பிக்கும் முன்பே எந்தப் பக்கம் பின்தங்குகிறது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.